சித்தப்பா எச்சில் தர மறுக்கிறார்

என்னோடு வேலை பார்க்கும் தோழி ஒருவர் போன வாரம் சாப்பாட்டு இடைவேளையில் இரண்டு நகல்களை மேசையில் விரித்தார். ஒன்று 1850-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள். அமெரிக்காவின் டென்னசி மாநிலம், ஹான்காக் கவுண்டி, நம் மாவட்டம் மாதிரி. அவருடைய மூதாதை ஒருவரின் பெயருக்கு நேரே, நிறம் என்ற கட்டத்தில் 'எம்' என்று ஒற்றை எழுத்து. முலாட்டோ, அதாவது கலப்பினத்தவர். அடுத்தது 1880. அதே ஆள், அதே மனைவி, அதே மலை. கட்டத்தில் மட்டும் 'வெள்ளை'. அந்தக் கட்டத்தின் மேலேயே ரொம்ப நேரம் விரலை வைத்திருந்தார்.

அந்தப் பகுதியின் அப்பலாச்சிய மலைகளில் இப்படிப்பட்ட கலப்பினக் குடும்பங்களை மெலஞ்சன் என்பார்கள். காலின்ஸ், கிப்சன், கோயின்ஸ், மலின்ஸ், பன்ச் என்று குடும்பப் பெயரைச் சொன்னாலே அந்தப் பக்கத்தில் தெரிந்துவிடும். "நீங்கள் யார்?" என்று கேட்டால், தலைமுறை தலைமுறையாகப் பாட்டிகள் சொல்லிக்கொடுத்த பதில்: "போர்த்துக்கீசியர்."

2012-இல் வெளிவந்த மரபணு ஆய்வு வேறு கதை சொன்னது. ஆண் வழியில் பெரும்பாலும் ஆப்பிரிக்கா, பெண் வழியில் ஐரோப்பா. 1662-இல் வர்ஜீனியாவில் ஒரு சட்டம் போட்டார்கள்: பிள்ளைக்குத் தாயின் நிலைதான். அடிமைப் பெண்ணின் பிள்ளையையும் முதலாளி சொத்தாக்கிக்கொள்ளப் போட்ட கொடுமையான சட்டம். ஆனால் ஆப்பிரிக்க ஆணோடு வாழ்ந்த வெள்ளைக் கூலிப்பெண்ணின் பிள்ளை அதே சட்டத்தால் அடிமையாகாமல் தப்பியது. அந்தப் பிள்ளைகளின் வாரிசுகள்தான் நிலம் தேடி மேற்கே மேற்கே நகர்ந்து மலையேறினார்கள்.

'பொய் சொல்லி வெள்ளையரானவர்கள்' என்று இவர்களைப் பேசுவதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. 1834-இல் டென்னசி அரசியல் சட்டம் கறுப்பு ரத்தம் உள்ளவர்களின் ஓட்டைப் பறித்தது. 1846-இல் ஓட்டுப் போட்டதற்காகவே மெலஞ்சன் ஆண்கள் மேல் வழக்கு. வர்ஜீனியாவில் பிறப்பு இறப்புப் பதிவாளராக இருந்த வால்ட்டர் பிளெக்கர் 1943-இல் கவுண்டி வாரியாகக் குடும்பப் பெயர்ப் பட்டியலே போட்டு அதிகாரிகளுக்கு அனுப்பினார்: இவர்களை வெள்ளையராகப் பதியாதே என்று. பிள்ளையின் பள்ளிக்கூடம், கல்யாணம், இடுகாடு எல்லாம் அந்த ஒரு சொல்லில் தொங்கும்போது, நான் அந்த இடத்தில் இருந்திருந்தாலும் போர்த்துக்கீசியர் என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஆனால் இன்று? கலப்பு மணத் தடையை 1967-இல் உச்ச நீதிமன்றமே தூக்கி எறிந்துவிட்டது. இனியும் 'போர்த்துக்கீசியர்' என்ற சொல்லையே பிடித்துக்கொண்டால், பெயர்கூடத் தெரியாத அந்த ஆப்பிரிக்கத் தாத்தாவை நாமே இரண்டாம் முறை வீட்டைவிட்டுத் துரத்துகிறோம் என்பேன். பன்ச் குடும்பத்தையே பாருங்கள். 1640-இல் ஆயுள் முழுக்க ஊழியம் செய்யத் தீர்ப்புப் பெற்ற ஜான் பன்ச் என்ற ஆப்பிரிக்கர்வரை அந்த வேரைக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஒபாமாவின் வெள்ளைக்காரத் தாயும் அவர் வழியில் வந்தவராகவே இருக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

தோழியின் சிக்கல் வேறு. ஆண் வழி எங்கிருந்து வந்தது என்று காட்டும் ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும்தான் போகும். இவருக்கு அப்பா இல்லை, அண்ணன் தம்பியும் இல்லை. மிச்சம் இருப்பது வர்ஜீனியாவின் லீ கவுண்டியில் பிறந்த சித்தப்பா ஒருவர்தான். பிளெக்கரின் கடிதம் போனபோது அவருக்கு இரண்டு வயது. மரபணுச் சோதனைக்கு எச்சில் எடுக்கும் குழாயை நீட்டியதும், "நாம் போர்த்துக்கீசியர், அதற்குமேல் என்ன வேண்டும்?" என்று எழுந்து போய்விட்டாராம்.

வற்புறுத்தாதீர்கள் என்றேன். அந்தப் பயம் அவர் தேடிக்கொண்டதல்ல. ஆனால் கேட்பதையும் நிறுத்தாதீர்கள் என்றேன். அடுத்த மாதம் அந்த இரண்டு தாள்களோடும் மறுபடி போகிறார். குழாயைப் பையிலேயே வைத்துவிட்டு, முதலில் அவருடைய பாட்டியைப் பற்றிக் கேட்கப்போகிறாராம்.