படுக்கைப் புண்ணைத் தேய்த்துத் தடுக்க முடியாது

“படுத்த படுக்கையாக இருப்பவரின் முதுகில் சிவந்த இடத்தை ஸ்பிரிட் தொட்டு அழுத்தித் தேய்த்து, பவுடர் போட்டு, காற்று வளையத்தில் உட்கார வைத்தால் படுக்கைப் புண் வராது” என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே தோல் நசுங்கி, ரத்த ஓட்டம் தடைபடுவதால்தான் இந்தப் புண் வருகிறது. ஏற்கெனவே நொந்த திசுவைத் தேய்ப்பது அதை மேலும் சிதைக்கும். ஸ்பிரிட் தோலை உலர்த்திவிடும். வளையமோ தன் விளிம்பில் அழுத்தத்தைக் குவிக்கிறது.

மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2014இல் வெளியிட்ட வழிகாட்டுதல், தடுப்புக்காகத் தோலைத் தேய்க்க வேண்டாம் என்கிறது. படுக்கைப் புண் பற்றிய 2019ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதல் வளையத்தையும் தவிர்க்கச் சொல்கிறது. இரண்டையும் இணையத்தில் படிக்கலாம்.

பலன் தருவது சலிப்பான வேலைதான்: செவிலியர் சொல்லும் இடைவெளியில், இரவிலும், புரட்டிப் படுக்க வைப்பது. இழுக்காமல் தூக்கி நகர்த்துங்கள். கெண்டைக்காலுக்கடியில் தலையணை வைத்தால் குதிகால் மெத்தையில் படாது. ஈரத்தை உடனே துடையுங்கள். கருநிறத் தோலில் சிவப்பு தெரியாமல் போகலாம். சூடு, கடினம், வலி இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். விரலால் அழுத்தியும் சிவப்பு வெளிறாவிட்டால் செவிலியரிடம் காட்டுங்கள்.

அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.