கரிசல் மண்ணில் கம்பியைக் கூட்டினால் மட்டும் போதாது

"கரிசல் மண்ணில் கம்பியும் சிமெண்டும் கூடுதலாகப் போட்டால் விரிசலே வராது" என்று வீடு கட்டுவது பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். அதை நம்பி யாரும் பணத்தைக் கொட்டாதீர்கள். சிக்கல் கான்கிரீட்டில் இல்லை, அடியில் இருக்கும் மண்ணில். கரிசலில் மாண்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம் அதிகம். மழையில் தண்ணீரை இழுத்து உப்பும். கோடையில் சுருங்கி, கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். வெளிச்சுவரை ஒட்டிய மண் சீக்கிரம் காயும், வீட்டின் நடுவே அடியில் ஈரம் தங்கும். ஓரம் இறங்கும், நடு அப்படியே நிற்கும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல் பல வீடுகளில் இப்படித்தான் வருகிறது. 'மாடி இல்லாத லேசான வீடுதானே' என்பதும் ஆபத்தான நினைப்பு. மண் உப்பும்போது அதை அழுத்திப் பிடிக்க ஒற்றைத் தள வீட்டின் எடை போதாது.

ஈரம் ஏறி இறங்கும் அடுக்கைத் தாண்டி அஸ்திவாரம் போக வேண்டும். ஆழமான கரிசலில் அது சுமார் 3.5 மீட்டர். அதற்குத்தான் அண்டர் ரீம்டு பைல் இருக்கிறது: மண்ணுக்குள் ஆழமாக இறங்கி, அடியில் குமிழாக விரியும் கான்கிரீட் தூண். பைல்களை இணைக்கும் பீமுக்கும் மண்ணுக்கும் நடுவே இடைவெளி விடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உப்பும் மண் பீமையே தூக்கிவிடும். அப்புறம், சுவரோரம் தண்ணீர் தேங்க விடாதீர்கள். இதற்கெல்லாம் முன்னால், மண் பரிசோதனை.