ரஷ் ரசிகர்களின் கைகள் சும்மா இருப்பதில்லை

கனடாவின் ரஷ் இசைக்குழுவின் கச்சேரிக் காணொளி எது கிடைத்தாலும், ஒரு தடவை மேடையை விட்டுவிட்டுக் கூட்டத்தை மட்டும் பாருங்கள். 'டாம் சாயர்' பாட்டில் கிட்டார் சோலோ முடிந்து டிரம்ஸ் உருண்டு இறங்கும் இடம் வந்ததும், அரங்கம் முழுக்க ஆயிரக்கணக்கான கைகள் காற்றில் ஒன்றாக அடிக்கும். ஏதோ உற்சாகத்தில் ஆட்டுகிற கைகள் இல்லை. எந்த அடி சின்ன டிரம்மில், எந்த அடி பெரிய டிரம்மில், சிம்பல் எப்போது என்று கணக்குத் தெரிந்த கைகள். ஐம்பது வருடம் ஆகியும் இந்தக் குழுவின் மீதான பிரியம் ஏன் வற்றவில்லை என்று கேட்பவர்களுக்கு, அந்தக் கைகளைத்தான் காட்டுவேன்.

1974 ஜூலையில் நீல் பியர்ட் வந்து சேர்ந்ததிலிருந்து 2015 வரை ஆள் மாறாத மூவர் குழு இது. கெடி லீ பாடுவார், பேஸ் கிட்டார் வாசிப்பார், கீபோர்டும் அவரே. போதாக்குறைக்குக் காலால் மிதித்து ஒலியெழுப்பும் டாரஸ் பெடலும் அவர் பொறுப்பு. அலெக்ஸ் லைஃப்சன் கிட்டார். பியர்ட் டிரம்ஸ் வாசித்ததோடு பாடல் வரிகளில் பெரும்பங்கையும் எழுதினார்.

பியர்ட்டின் வேலைமுறையைப் புரிந்துகொண்டால் ரசிகர்களைப் புரிந்துகொள்ளலாம். அவர் ஒவ்வொரு பாட்டுக்கும் டிரம்ஸ் பகுதியை அடி அடியாகக் கட்டினார். இசைத்தட்டில் இருப்பதையே மேடையிலும் வாசித்தார். ஜாஸ் பக்கத்திலிருந்து வருபவர்கள் இதைக் குறையாகச் சொல்வதுண்டு: உயிரில்லை, வெறும் ஒப்பிப்பு என்று. என்னால் ஏற்க முடியவில்லை. கீர்த்தனையில் ஊறிப்போன சங்கதியைப் பாடகர் அப்படியே பாடினால் அதை ஒப்பிப்பு என்று யாரும் சொல்வதில்லை. பியர்ட்டின் உருட்டல்களும் அந்த மாதிரி இசையமைக்கப்பட்டவை. நாளைக்கு நாள் மாறாததால்தான் வீட்டில் இசைத்தட்டோடு உட்கார்ந்து அவற்றைப் பாடம் செய்ய முடிந்தது. பாடம் செய்தவர்கள் அரங்கத்துக்குப் பாதி வாசிப்பவர்களாகவே வந்தார்கள்.

சும்மா சொன்னால் விளங்காது, ஒரு பாட்டைக் கையில் எடுத்தே பார்ப்போம். 1981-இல் வந்த 'மூவிங் பிக்சர்ஸ்' ஆல்பத்தில் 'ஒய்ஒய்இசட்' என்று ஒரு வாத்திய இசை இருக்கிறது. ஒய்ஒய்இசட் என்பது டொராண்டோ பியர்சன் விமான நிலையத்தின் குறியீடு. ஸ்கார்பரோவில் இருக்கும் சொந்தக்காரர்களைப் பார்க்கப் போகும் நம்மவர்களின் பெட்டியில் ஒட்டுகிறார்களே, அதே மூன்று எழுத்துதான். விமானிகளுக்கு வழிகாட்டும் கருவி இந்த எழுத்துகளை மோர்ஸ் குறியில் ஒலிபரப்பும். அந்தச் சத்தத்தை அப்படியே தாளமாக்கினார்கள்.

மோர்ஸில் ஒய் என்றால் கோடு, புள்ளி, கோடு, கோடு. இசட் என்றால் கோடு, கோடு, புள்ளி, புள்ளி. கோட்டுக்கு இரண்டு மாத்திரை, புள்ளிக்கு ஒன்று. ஒரு ஒய் 7, இன்னொரு ஒய் 7, இசட் 6, ஆக 20. தட்டுக்கு நான்கு மாத்திரை வீதம் சரியாக ஐந்து தட்டு. கையால் ஐந்தைச் சீராகத் தட்டிக்கொண்டே வாயால் சொல்லிப் பாருங்கள்: தாம் த தாம் தாம், தாம் த தாம் தாம், தாம் தாம் த த. முதல் தட்டு முதல் தாமின் தலையில் விழும். இரண்டாவதும் மூன்றாவதும் சொல்லின் நடுவில் விழும், அங்கேதான் எல்லாருக்கும் கை தடுமாறும். நான்காவது இரண்டாம் ஒய்யின் கடைசித் தாமிலும், ஐந்தாவது இசட்டின் இரண்டாவது தாமிலும் மறுபடி தலையில் வந்து உட்காரும்.

புதிதாகப் பழகுபவர்கள் வழக்கமாகக் கோட்டைவிடுவது இரண்டு இடத்தில். எழுத்துக்கு எழுத்து மூச்சு விட்டுவிடுவது ஒன்று. மோர்ஸில் எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி உண்டு, இந்தப் பாட்டில் கிடையாது. இன்னொன்று கோட்டை மூன்று மாத்திரையாக நீட்டுவது. மோர்ஸ் விதிப்படி அதுதான் சரி, ஆனால் அப்படி நீட்டினால் இருபதுக்குள் அடங்காது. கிட்டாரும் பேஸும் இதை இரண்டே சுரத்தில் வாசிக்கின்றன. அவற்றுக்கு நடுவே ஸட்ஜமத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் உள்ள அதே தூரம். காதில் அந்த உறுத்தல் அதனால்தான்.

இந்தப் பாட்டுக்குச் சொல்லே கிடையாது. 2002 நவம்பர் 23 அன்று ரியோவின் மரக்கானா மைதானத்தில் சுமார் 40,000 பேர் இதன் மெட்டைச் சேர்ந்து பாடினார்கள். பிரேசிலுக்கு ரஷ் போனது அந்தப் பயணத்தில்தான் முதன்முறை. மழையால் வண்டிகள் தாமதமாகி, ஒலிச் சோதனைகூடச் செய்ய முடியாமல் மேடையேறினார்கள். மறு ஆண்டு வெளிவந்த 'ரஷ் இன் ரியோ' பதிவில் ஒலி கொஞ்சம் கரடுமுரடாக இருப்பது இதனால்தான். பிரேசிலில் 'மெக்கைவர்' தொலைக்காட்சித் தொடருக்கு 'டாம் சாயர்' முகப்பு இசையாக ஓடியதால் வந்த புகழ் என்று சொல்பவர்கள் உண்டு. ஒரு பாட்டு பிரபலமானதற்கு அது காரணமாக இருக்கலாம். வார்த்தையில்லாத இன்னொரு பாட்டை ஒரு மைதானமே மனப்பாடமாகப் பாடியதற்கு, அவர்கள் வீட்டில் உட்கார்ந்து கேட்ட மணிநேரங்கள்தான் காரணம்.

'டாம் சாயர்' வாசிக்க ஆசைப்படும் டிரம்மர்களுக்கு ஒரு வார்த்தை. வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 88 தட்டு. ஹை-ஹாட்டில், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் இரட்டைச் சிம்பலில், தட்டுக்கு நான்கு அடி, ஒரே கையால். வினாடிக்கு ஆறு அடிக்குக் கொஞ்சம் குறைவு. பலர் சுலபமாக இருக்கட்டும் என்று இரண்டு கையாலும் மாற்றி மாற்றி அடிக்கிறார்கள். அப்போது ஸ்நேர் என்ற சின்ன டிரம்மின் அடிக்கு ஒரு கையை ஹை-ஹாட்டிலிருந்து எடுக்க வேண்டிவரும், ஓட்டத்தில் ஓட்டை விழும். ஒரே கையால் அடிப்பவர்களும் தோளிலிருந்தோ முழங்கையிலிருந்தோ அடித்தால் இரண்டாவது சரணம் வருவதற்குள் முன்கை கல்லாக இறுகிவிடும். மணிக்கட்டும் விரல்களும் வேலை செய்ய வேண்டும், குச்சி எகிறுவதைத் தடுக்கக் கூடாது. 70-இல் தொடங்கி, இறுக்கமில்லாமல் ஐந்து நிமிடம் ஓட்ட முடிந்த பிறகு மட்டும் வேகத்தைக் கூட்டுங்கள். நடுவில் கீபோர்டு முன்னால் வரும் பகுதி ஏழு எண்ணிக்கைக்கு மாறும். அங்கே எட்டாவதுக்குக் கை தானாகப் போகும். சத்தமாக வாய்விட்டு எண்ணுவது ஒன்றே மருந்து.

ரசிகர்கள் இந்தக் குழுவைக் காப்பாற்றியது வெறும் பேச்சுக்காகச் சொல்வதில்லை. 1974-இல் கிளீவ்லாந்து வானொலியில் டோனா ஹால்பர் 'வொர்க்கிங் மேன்' பாட்டை ஒலிபரப்பியபோது, தொழிற்சாலை ஊர்க்காரர்கள் தொலைபேசியில் விசாரித்ததில்தான் அமெரிக்கக் கதவு திறந்தது. 1975-இல் 'கரெஸ் ஆஃப் ஸ்டீல்' விலைபோகவில்லை. சின்னச் சின்னப் பாட்டாகப் போடுங்கள் என்று இசை நிறுவனம் நெருக்கியது. அவர்கள் 1976-இல் ஒரு பக்கம் முழுக்க 20 நிமிடத்துக்கு மேல் ஓடும் '2112'-ஐப் போட்டார்கள். ஒருவர் கேட்டு இன்னொருவருக்குச் சொல்லியே வளர்ந்தது அது. அமெரிக்காவில் மட்டும் 30 லட்சம் பிரதிகளைத் தாண்டியது.

அந்த ஆல்பத்தில், தனிமனிதவாதம் பேசிய எழுத்தாளர் அய்ன் ராண்டுக்கு நன்றி சொல்லியிருந்ததை வைத்து, 1978-இல் பிரிட்டனின் என்எம்இ இசை இதழ் இவர்கள்மேல் பாசிச முத்திரை குத்தப் பார்த்தது. கெடி லீயின் தாயும் தந்தையும் நாஜி முகாம்களிலிருந்து உயிர்தப்பி வந்தவர்கள். இதைப் படிக்கும் போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். அதற்காக ராண்டின் தாக்கமே இல்லை என்று ரசிகர்கள் பூசிமெழுகவும் வேண்டாம். இருந்தது. பியர்ட்டே பிற்காலத்தில் அதிலிருந்து விலகி வந்தார். இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் இவர்களைச் சேர்த்துக்கொள்ள 2013 வரை ஆனது. அதைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. அந்தக் கௌரவம் கிடைக்காத வருடங்களிலும் அரங்கங்கள் நிறைந்தன.

'வேப்பர் ட்ரெயில்ஸ்' விஷயம்தான் ரசிகர்களின் பிரியம் எப்படிப்பட்டது என்பதற்கு நல்ல சாட்சி. 1997-இல் பியர்ட்டின் மகள் விபத்தில் இறந்தாள். பத்து மாதத்தில் மனைவியையும் புற்றுநோய் கொண்டுபோனது. அவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். குழு முடிந்தது என்றே எல்லாரும் நினைத்தார்கள். 2002-இல் திரும்பி வந்தபோது வெளியான ஆல்பம் இது. ரசிகர்கள் கண்ணீரோடு வரவேற்றார்கள். அதே வேகத்தில் ஒலி மோசம் என்று புகாரும் சொன்னார்கள்.

புகாரில் நியாயம் இருந்தது. சத்தம் கூடுதலாகக் கேட்க வேண்டும் என்று அளவை ஏற்றிக்கொண்டே போனால், அலையின் உச்சி மேல் வரம்பில் முட்டி வெட்டுப்படும். வட்டமாக முடிய வேண்டிய இடம் தட்டையாகி, ஸ்நேர் அடியெல்லாம் அட்டையைக் கிழிப்பது போலக் கேட்கும். பத்து நிமிடத்தில் காது சோர்ந்துபோகும். தனித்தனியாகப் பதிவான தடங்களை ஒன்றுசேர்க்கும் கலவைக் கட்டத்திலேயே வெட்டு விழுந்துவிட்டதால், இறுதிப் பிரதியை மறுபடி மெருகேற்றிப் பயனில்லை, மூலத் தடங்களுக்கே போயாக வேண்டியிருந்தது. 2009-இல் இரண்டு பாட்டுகளை ரிச்சர்ட் சிக்கி புதிதாகக் கலந்தார். ரசிகர்கள் மீதியையும் கேட்டார்கள். 2013-இல் டேவிட் பாட்ரில் முழு ஆல்பத்தையும் மறுகலவை செய்தார். ஆகவே இன்று வாங்குபவர்கள் உறையில் ரீமிக்ஸ்ட் என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பழைய பிரதியை மலிவாகக் கொடுத்தாலும் முதல் கேட்புக்கு அது வேண்டாம்.

புதிதாக வருபவர்கள் 'மூவிங் பிக்சர்ஸ்' முழுவதையும் கேட்டுவிட்டு, அதே ஆண்டு வந்த 'எக்சிட் ஸ்டேஜ் லெஃப்ட்' மேடைப் பதிவுக்குப் போகலாம். 'டாம் சாயர்' இரண்டிலும் இருக்கிறது. உருட்டல்களை அடுத்தடுத்து வைத்து ஒப்பிட்டால் நான் சொன்னது விளங்கும். 'ஒய்ஒய்இசட்' மட்டும் மேடையில் நீளம், நடுவில் டிரம்ஸ் சோலோ வருகிறது.

2015 ஆகஸ்ட் 1, லாஸ் ஏஞ்சலஸ் ஃபோரம் அரங்கில் கடைசிக் கச்சேரி. புதிய பாட்டிலிருந்து பழைய பாட்டுக்குப் பின்னோக்கிப் போனார்கள். பணியாளர்கள் மேடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றிக்கொண்டே வர, முடிவில் பள்ளிக்கூட விழா போல நாற்காலிமேல் வைத்த ஆம்ப்ளிஃபயர்கள்தான் மிச்சம். கச்சேரி முடிந்ததும் தன் டிரம்ஸைத் தாண்டி முன்மேடைக்கு வராத பியர்ட், அன்று வந்து மற்ற இருவரையும் அணைத்துக்கொண்டார். 2020 ஜனவரி 7 அன்று மூளைப் புற்றுநோயில் காலமானார். மூன்றரை வருடம் நெருங்கியவர்கள் அந்த நோயை வெளியே விடாமல் காத்தார்கள்.

2025 அக்டோபரில் லீயும் லைஃப்சனும் மறுபடி பயணம் என்று அறிவித்தார்கள். டிரம்ஸுக்கு ஜெர்மனியின் அனிகா நில்லஸ், 2022-இல் கிட்டார் கலைஞர் ஜெஃப் பெக்குடன் வாசித்தவர். 2026 ஜூனில் அதே ஃபோரம் அரங்கில் தொடக்கம் என்றார்கள். பியர்ட் இல்லாமல் ரஷ் ஏது என்று ஒரு தரப்பு வேதனைப்பட்டது. அந்த வேதனையை மதிக்கிறேன், முடிவை ஏற்கவில்லை. அவர் அடி அடியாகக் கட்டி வைத்துவிட்டுப் போனது மற்றவர்கள் வாசிக்கக் கூடிய இசை. இத்தனை வருடம் ரசிகர்கள் காற்றில் வாசித்ததும் அதைத்தான்.

நில்லஸிடம் நாம் கேட்கக் கூடியது இவ்வளவுதான். 'டாம் சாயர்' உருட்டலையும், 'ஒய்ஒய்இசட்'டின் இருபது மாத்திரையையும், '2112' முன்னிசையின் நிறுத்தங்களையும் பதிவில் இருப்பது போலவே வாசிக்கட்டும். சோலோவை மட்டும் பியர்ட்டைப் பார்த்து வாசிக்க வேண்டாம். பியர்ட்டே 2012-இல் வந்த 'க்ளாக்வொர்க் ஏஞ்சல்ஸ்' ஆல்பத்தின் காலத்தில் முன்கூட்டித் திட்டமிடுவதைத் தளர்த்தி, சோலோவை அந்தந்த இரவுக்கு விட்டுவிட்டார். அந்தச் சில நிமிடங்கள் முழுக்க நில்லஸுடையதாக இருக்கட்டும்.