யூசெபேயா என்பது வெறும் பக்தி அல்ல

பண்டைய கிரேக்கர்களின் 'யூசெபேயா' என்ற சொல்லுக்குப் பக்தி என்று ஒரே வார்த்தையில் பொருள் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். எனக்கு அது மனம் ஒப்பவில்லை. அந்தச் சொல்லில் பாதியைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறோம், அதுவும் சுலபமான பாதியை.

1958இல் ஆப்கானிஸ்தானின் காந்தகாரில் அசோகரின் பாறைக் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. மேலே கிரேக்கம், கீழே அரமேயம். அலெக்சாந்தரின் படையெடுப்புக்குப் பிறகு அந்தப் பக்கம் குடியேறிவிட்ட கிரேக்கர்கள் படிப்பதற்கென்று வெட்டியது. அசோகர் தம்மம், அதாவது அறநெறி, என்று சொன்னதுதான் அதில் யூசெபேயா ஆகியிருக்கிறது. பத்து ஆண்டுகள் நிறைவுற்றபின் அரசர் மக்களுக்கு யூசெபேயாவைக் காட்டினார் என்று தொடங்குகிறது. அடுத்து வருவதைப் பாருங்கள். அரசர் உயிர்க்கொலையை விட்டார். அவருடைய வேட்டைக்காரர்களும் மீனவர்களும் விட்டார்கள். தன்னடக்கம் இல்லாதவர்கள் இயன்றவரை அடங்கினார்கள். தந்தைக்கும் தாய்க்கும் மூத்தோருக்கும் முன்பு இல்லாத அளவுக்குக் கீழ்ப்படிந்தார்கள். கோயில் இல்லை, பூசை இல்லை, ஒரு கடவுளின் பெயர்கூட இல்லை. அந்த 'இயன்றவரை' என்னை நெகிழ வைக்கிறது. பேரரசர் ஒருவர் மனித பலவீனத்துக்கும் கல்லில் இடம் விட்டிருக்கிறார்.

மொழிபெயர்த்தவர் சொல்லை வலிந்து வளைக்கவில்லை. தெய்வங்களுக்குப் பலியிடுவதோடு பெற்றோரைப் பேணுவதும், இறந்தவரை முறைப்படி அடக்கம் செய்வதும், அடைக்கலம் புகுந்தவரைக் காப்பதும் கிரேக்கர்களுக்கு யூசெபேயாவைச் சேர்ந்தவையே. அதன் வேரில் இருக்கும் 'செபஸ்', நம்மைவிடப் பெரிதான ஒன்றின் முன் சற்றே பின்வாங்கி நிற்கிற உணர்வு. நம் பயபக்தி இதற்கு எவ்வளவோ நெருக்கம்.

இந்தச் சொல்லுக்குக் கொடிய முகமும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. இதன் எதிர்ச்சொல்லான 'அசெபேயா' ஏதென்சில் தண்டனைக்குரிய குற்றம். நகரம் வணங்கும் தெய்வங்களை ஏற்கவில்லை, இளைஞர்களைக் கெடுத்தார் என்று சொல்லி கி.மு. 399இல் சாக்ரடீசுக்கு நஞ்சு கொடுத்தது அந்த வழக்கில்தான். எது பக்தி என்று ஊர் கூடி வாக்களித்து முடிவு செய்யும் இடத்தில் என் மரியாதை நின்றுவிடுகிறது. காந்தகார் கல்வெட்டு யாரையும் தண்டிப்பதாகச் சொல்லவில்லை, இப்படி நடந்தால் இனியும் நன்றாக வாழ்வார்கள் என்று மட்டுமே சொல்கிறது. இரண்டில் எனக்கு வேண்டியது அதுதான்.

யூசெபேயா வெறும் கடவுள் பக்தி அல்ல என்பதற்குத் தமிழிலேயே சான்று நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பழைய தமிழ் வேதாகமத்தில் 'தேவபக்தி' என்று வரும் இடங்கள் பலவற்றில் கிரேக்க மூலத்தில் நிற்பது இதே சொல். அதில் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் (கடிதத்தின்) 5ஆம் அதிகாரம், விதவையான தாயோ பாட்டியோ உள்ளவர்கள் முதலில் 'சொந்தக் குடும்பத்தைத் தேவபக்தியாய் விசாரித்து', பெற்றவர்கள் செய்த நன்மைக்குப் பதில் நன்மை செய்யக் கற்றுக்கொள்ளட்டும் என்கிறது. கிரேக்கத்தில் அங்கே யூசெபேயாவின் வினைவடிவம் வருகிறது. அந்த வினை நேராகக் குறிப்பது கடவுளை அல்ல, சொந்த வீட்டாரை. இந்த வசனத்தை விளக்குகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் வேண்டுகோள்.