அங்கீகாரம் வாங்கியும் தீராத அலைச்சல்

மென்பொருள் உரிமங்களை விற்கும் அங்கீகரிக்கப்பட்ட மறுவிற்பனையாளர் ஆவது கடினம் என்றால் பொறுத்துக்கொள்வேன். ஆன பிறகும் நிம்மதி இல்லை என்பதுதான் எரிச்சல். பதிவுச் சான்று, வரி எண், வங்கி விவரம் எல்லாம் கொடுத்தாயிற்று. ஊழியர்கள் தேர்வு எழுதிச் சான்றிதழும் பெற்றார்கள். அவர்களில் ஒருவர் வேலையை விட்டுப் போனால் சான்றிதழும் அவரோடு போய்விடுகிறது. தயாரிப்பு நிறுவனம் நமக்குத் தந்த தகுதி நிலை ஒரு படி இறங்குகிறது!

இதைவிடக் கொடுமை, வாய்ப்பைப் பதிவு செய்வது, அதாவது இன்ன வாடிக்கையாளருக்கு விற்கப் போகிறோம் என்று தயாரிப்பு நிறுவனத்திடம் முன்கூட்டியே தெரிவிப்பது. வாடிக்கையாளரைத் தேடிப் பிடித்து, எத்தனை பேருக்கு எந்த உரிமம் தேவை என்று கணக்குப் போட்டு, விலைப்புள்ளி தருவது நாம். தயாரிப்பு நிறுவனத்திடம் முந்திப் பதிவு செய்தவருக்குத்தான் சிறப்புத் தள்ளுபடி. உழைத்தவரைக் கேட்பாரில்லை.

அடோபி 2013-இல் தன் கிரியேட்டிவ் மென்பொருள்களைச் சந்தா முறைக்கு மாற்றியது. பிறகு பலரும் அதே வழியில் சென்றார்கள். இப்போது சந்தா முடியும் நேரத்தில் எங்கள் தயாரிப்பு நிறுவனமே வாடிக்கையாளருக்கு நேராக மின்னஞ்சல் அனுப்புகிறது. அவர் அங்கேயே பணம் கட்டிவிட்டால் நமக்கு ஒரு காசும் இல்லை. உள்நுழைய முடியவில்லை என்றால் மட்டும் அழைப்பு நமக்கு வருகிறது. அந்த விற்பனையை நம் ஆண்டு இலக்கிலாவது சேர்க்கக் கூடாதா?