பாடம் நடத்துகிறவனையும் ஒரு வார்த்தை கேளுங்கள்

சனிக்கிழமை குறுவள மையக் கூட்டத்தில் (பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் பயிற்சிக் கூட்டம்) நடந்தது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். மற்றவர்களுக்கு ஒரு வரி: பாடத்தின் உதாரணத்தை ஊருக்கு ஏற்றபடி மாற்றலாம் என்று நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன். "சார், உங்க வேலை பாடத்தை நடத்துறது, திருத்துறது இல்ல" என்று ஒருவர் மைக்கில் சொன்னதும் பின்வரிசையில் ஒரு சிரிப்பு எழுந்தது பாருங்கள், அதுதான் இன்னும் உறுத்துகிறது. சிரித்தவர்களும் ஆசிரியர்கள்தான்!

நான் அப்படி என்ன கேட்டுவிட்டேன்? ஒரு பாடம் வகுப்பில் எங்கே இடிக்கிறது என்பது நடத்துகிறவனுக்குத்தான் தெரியும். அதை எழுதிக் கொடுத்தால் வாங்கிப் படிக்க ஓர் ஆள் வேண்டும். அவ்வளவுதான்.

தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கம் எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பில் ஒரு பெண். வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் சிரிப்பாள். பல்லெல்லாம் பழுப்புக் கறை. ஒருநாள் கேட்டாள்: "சார், ஃப்ளோரைடு பல்லுக்கு நல்லதுன்னு பேஸ்ட் டப்பாவுல போட்டிருக்கே, அப்புறம் எங்களுக்கு மட்டும் ஏன் கெடுது?"

இதைவிட நல்ல அறிவியல் பாடம் உண்டா? அளவாக இருந்தால் பல்லைக் காக்கும். பல் உருவாகும் வயதில் மிஞ்சினால் கறையாக்கும். குடிதண்ணீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. பாறைக்கு அடியில் ஊறி வரும் போர் தண்ணீரில் இங்கே பல இடங்களில் அது மிஞ்சுகிறது. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்ததே இதற்காகத்தான். ஃப்ளோரைடு பரிசோதனை கிட் ஒன்றை இரவல் வாங்கி வந்தேன். குழாய்த் தண்ணீரில் இளஞ்சிவப்பாகவே நின்ற கரைசல், ஒரு பையன் கொண்டுவந்த போர் தண்ணீரில் மஞ்சளாக மாறியது; ஃப்ளோரைடு மிகுதி என்று அர்த்தம். அன்று மணி அடித்தும் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

இதைத்தான் நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அதற்குத்தான் அந்தச் சிரிப்பு.

"ஊருக்கு ஒரு பாடம் வைத்தால் பொதுத்தேர்வு என்னாகும்?" என்பார்கள். எட்டாம் வகுப்புக்கு ஏது ஐயா பொதுத்தேர்வு? பாடத்தை மாற்றச் சொல்லவில்லை, உதாரணத்தை மாற்றச் சொல்கிறேன். உணவுப் பதப்படுத்தலைக் கிருஷ்ணகிரிப் பிள்ளைக்கு மாங்கூழ் ஆலையில் காட்டினால் குடிமுழுகிப் போகுமா? பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்க்கையோடு அறிவை இணைக்க வேண்டும் என்று 2005 தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பே சொல்லிவிட்டது. நான் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை.

"2018இல் வந்த புதிய பாடப்புத்தகங்களை எழுதிய குழுவிலும் ஆசிரியர்கள் இருந்தார்களே" என்பது நியாயமான கேள்வி. இருந்தார்கள், நன்றாகவே எழுதினார்கள். ஆனால் அச்சான புத்தகத்தை வருஷக்கணக்கில் நடத்திப் பார்த்தவன் எங்கே போய்ச் சொல்வது? சமச்சீர் கல்வி வந்தது, புதிய புத்தகம் வந்தது, 2022இல் தொடக்க வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. ஒவ்வொரு முறையும் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள், போனோம், கையெழுத்துப் போட்டோம், டீ குடித்தோம். நடத்தி முடித்த பிறகு "எப்படிப் போச்சு?" என்று கேட்க மட்டும் யாருக்கும் நேரமில்லை. எமிஸில் (பள்ளி விவரங்களை ஏற்றும் அரசு இணையதளம்) பதிவு அரைமணி தாமதமானால் மட்டும் உடனே போன் வந்துவிடும்.

"சம்பளம் வாங்குறீங்க இல்ல, வேலையைப் பாருங்க" என்று எழுதப்போகும் தம்பிகளே, வாங்குகிறேன். அந்த வேலையைத்தான் பார்த்தேன்.

நாலு பக்கத்தையும் போட்டோ எடுத்துக் கமெண்டில் போட்டிருக்கிறேன். பாலக்கோடு, காரிமங்கலம், ஊத்தங்கரை பக்கம் அறிவியல் எடுப்பவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். தப்பு இருந்தால் திருத்துங்கள். திருத்துவது உங்கள் வேலை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.