சிசி குறைந்தால் பலமும் குறையுமா?

அண்ணா, ஸ்டில் நிறுவனத்தின் செயின் சா (மரம் அறுக்கும் மெஷின்) பழைய 461, புதிய 462 மாடல்களைப் பற்றி, "462-ல் சிசி குறைவு, 461 மாதிரி இழுக்காது, உள்ளே பேட்டரி செத்தால் மெஷினே ஓடாது" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே தவறு. புதிதாக வாங்குகிறவர்கள் இதை நம்பிவிடக் கூடாது.

ஸ்டில் எம்.எஸ். 461-ன் இன்ஜின் 76.5 சிசி, 462 சி-எம் 72.2 சிசி. சரி, சிசி குறைவுதான். ஆனால் நிறுவனம் சொல்லும் திறன் இரண்டுக்கும் ஒன்றே, 4.4 கிலோவாட். பார் (செயின் ஓடும் நீளமான தகடு), செயின் இல்லாமல் 461 சுமார் 6.7 கிலோ, 462 6 கிலோ. நாள் முழுக்கக் கிளை கழிப்பவரின் தோளுக்கு அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

அப்புறம் பேட்டரி. 462-ல் அது கிடையவே கிடையாது. எம்-ட்ரானிக்குக்கு, அதாவது பெட்ரோல் அளவைத் தானே கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் அமைப்புக்கு, வேண்டிய மின்சாரம் கயிறை இழுத்து ஃப்ளைவீல் சுற்றும்போதே உண்டாகிறது. 461-ல் நாம் ஸ்க்ரூ டிரைவரால் திருப்பும் எல், எச் திருகுகளின் (கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைப்பவை) வேலையை 462-ல் ஒரு சோலினாய்டு வால்வு, அதாவது மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வு, செய்கிறது. குளிரோ மலை உயரமோ, பெட்ரோல் அளவை அதுவே சரிசெய்துகொள்ளும்.

461 பக்கமும் நியாயம் உண்டு. கோளாறு வந்தால் காட்டிலேயே பிரித்துப் பார்த்துவிடலாம். எம்-ட்ரானிக் கோளாறு என்றால் டீலரிடம் உள்ள சோதனைக் கருவி வேண்டும். முக்கியமாக, கிராங்க் சீல் (இன்ஜின் தண்டைச் சுற்றிக் காற்றுப் புகாமல் அடைக்கும் வளையம்) தேய்ந்து காற்று கசிந்தால் 461-ன் ஐட்லிங் ஏறி இறங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். 462 ஓரளவு வரை பெட்ரோலைக் கூட்டிச் சமாளித்துவிடும், கசிவு வெளியே தெரியாது. ஆகவே பழைய 462 வாங்குகிறவர்கள் பிரஷர் டெஸ்ட் (இன்ஜினுக்குள் காற்றழுத்தம் கொடுத்துக் கசிவு பார்க்கும் சோதனை) செய்யாமல் பணம் கொடுக்காதீர்கள்.